திருப்பதி மரப்பாச்சியும் ஜப்பானியக் கொகேஷியும்: மரப்பாவைச் சேகரிப்பு மரபு குறித்த ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

தமிழர் இல்லங்களில் நவராத்திரிக் கொலுவின் முதற்படியில் இடம்பெறும் மரப்பாச்சி இணை, திருப்பதி மலைச்சாரலில் விளையும் செஞ்சந்தன மரத்தால் ஆனது. ஆந்திர மாநிலத்தின் திருப்பதி, சித்தூர்ப் பகுதிகளில் செதுக்கப்பட்டு, திருமலை சென்று திரும்பும் அடியார்களின் கைப்பையில் எல்லை கடந்து, தமிழ்நாட்டு இல்லங்களில் தலைமுறைகளைக் கடந்து நிற்கும் பொருள் இது. பொம்மைகளைச் சேகரித்தல் என்றவுடன் ஜப்பானிய மரப்பாவைகளையும் அவற்றை நாடித் திரட்டும் ஆர்வலர்களையும் நினைவுகூர்வது உலக வழக்கு. மரப்பாச்சியைச் சேகரிப்புப் பொருளாக எவரும் எண்ணுவதில்லை. அது வீட்டுப் பொருளாகவே கருதப்பட்டுவந்துள்ளது. எனினும் ஆண்டுதோறும் வாங்கி, பெட்டியிலிட்டுக் காத்து, மகளுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் சேகரிப்பு அன்றி வேறன்று. இவ்விரு சேகரிப்பு மரபுகளையும் ஒருங்கு நோக்கி, ஒன்றில் பாவையோடு அதைச் செய்தவர் பெயரும் காக்கப்பட்டதையும், மற்றொன்றில் பாவை மட்டும் எஞ்சிப் பெயர் மறைந்ததையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இலக்கியத்தில் பாவை

பாவை என்னும் சொல் தமிழில் மிகு தொன்மை வாய்ந்தது. கடற்கரை மணலில் சிறுமியர் வனைந்து விளையாடும் வண்டற்பாவை சங்கப் பாடல்களில் பயில்கிறது. கொல்லி மலையின் தெய்வப்பாவையோடு தலைவியை ஒப்பிடும் மரபும் அவற்றில் காணப்படுகிறது. மணிமேகலையில் தூணில் உறையும் கந்திற்பாவை, நிகழ்ந்ததையும் நிகழவிருப்பதையும் உரைக்கிறது. விளையாட்டுப் பொருள், தெய்வ உரு, அழகின் உவமை என்னும் முப்பொருளும் இச்சொல்லில் தொடக்கத்திலிருந்தே கலந்து நின்றன என்பது இதனால் பெறப்படும்.

மரப்பாவை என்னும் சொல்லாட்சியைத் திருக்குறளில் இரண்டு இடங்களில் காணலாம். நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறள் (1020), அகத்தே நாணம் இல்லாதவரின் இயக்கத்தைக் கயிற்றால் ஆட்டுவிக்கப்படும் மரப்பாவையின் இயக்கத்தோடு ஒப்பிடுகிறது. இரவு அதிகாரத்தில் வரும் குறள் (1058), இரப்பவர் இல்லாத உலகின் இயக்கத்திற்கு மரப்பாவையின் போக்குவரவை உவமையாக்குகிறது. இரண்டு இடங்களிலும் மரப்பாவை உயிரின்மைக்கே குறியாக நிற்கிறது.

இல்லத்து வழக்கில் நிலைமை இதற்கு நேர்மாறானது. மரப்பாச்சிக்குப் பெண்கள் ஆடை தைத்து உடுத்துகின்றனர், மணிமாலை அணிவிக்கின்றனர், அதற்குத் திருமணம் செய்து வைக்கின்றனர், கொலு முடிந்த இரவில் அதைப் படுக்கவைக்கின்றனர். இலக்கியம் உயிரற்றது என உவமித்த பொருளை வீடு உயிருள்ளதாகவே நடத்தியது. தற்காலப் புனைவிலும் இந்நோக்கு தொடர்கிறது. உமா மகேஸ்வரியின் 'மரப்பாச்சி' சிறுகதை, ஒரு சிறுமிக்கும் அவள் கையிலுள்ள பாவைக்கும் இடையிலான உறவின் வழியே பெண்மனத்தின் நுண்ணிய காயங்களைப் பேசுவது இங்கு நினைக்கத்தக்கது.

வேங்கடமும் செஞ்சந்தனமும்

தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாக வேங்கடத்தைத் தொல்காப்பியப் பாயிரம் சுட்டுகிறது. திருமலைக் கோயிற் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரித்தெடுத்த பகுதிகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அது அம்மாநிலத்தின் பகுதியாயிற்று. எல்லைப் போராட்டங்களைத் தொடர்ந்து 1960இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லை இவ்வாறு பலமுறை மாறியபோதும், பயணம், வாணிகம், வழிபாடு ஆகியவற்றால் இவ்வட்டாரம் தமிழ் இல்லங்களோடு கொண்ட தொடர்பு அறுபடவில்லை. அத்தொடர்பின் கண்கூடான சான்றுகளுள் ஒன்று மரப்பாச்சி.

இப்பாவைக்குரிய மரம் இந்நிலத்தின் தனிச்செல்வம். செம்மரம், செஞ்சந்தனம், சிவப்புச் சந்தனம் எனத் தமிழிலும், எர்ர சந்தனம் எனத் தெலுங்கிலும் வழங்கும் இது, தாவரவியலில் டெரோகார்ப்பஸ் சாண்டாலினஸ் எனப்படும். சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா, நல்லமலை ஆகிய மலைத்தொடர்களையும் அவற்றை ஒட்டிய குன்றுகளையும் இயற்கை உறைவிடமாகக் கொண்ட மரம் இது. பெயரில் சந்தனம் இருப்பினும் சந்தன மரத்தின் குடும்பத்தைச் சார்ந்ததன்று. அவரைக் குடும்பத்தைச் சார்ந்தது. சந்தனத்திற்குரிய மணமும் இதற்கு இல்லை. கற்பாங்கான நிலத்தில் மெல்ல வளரும் இம்மரத்தின் வயிரம், நீரில் இட்டால் மூழ்குமளவு அடர்த்தியுடையது. புதிதாக அறுத்தபோது செந்நிறமாக இருக்கும் வயிரம், காலப்போக்கில் கருஞ்சிவப்பாகவும் கருமையாகவும் மாறும். பழைய மரப்பாச்சிகள் கரிய நிறத்தில் காணப்படுவதற்குக் காரணம் இதுவே; அக்கருமை சாயமன்று, வயதின் அடையாளம்.

வடிவமும் பயனும்

மரப்பாச்சி பெரும்பாலும் ஆண், பெண் இணையாகவே அமையும். ஒரே கட்டையிலிருந்து உளியால் செதுக்கப்படும் இவ்வுருக்கள் நேர்நோக்கில் நிமிர்ந்து நிற்பவை. கைகள் உடலோடு ஒட்டியிருக்கும். கால்கள் பிரிவுபடாமல் அடிப்பீடத்தில் இணைந்திருக்கும். முகத்தில் கண், மூக்கு, வாய் ஆகியன சில வெட்டுகளிலேயே குறிக்கப்படும். கடினமான வயிரத்தில் நுண்வேலை எளிதன்று என்பதோடு, துருத்திய உறுப்புகள் இருப்பின் ஒடிந்துவிடும் என்பதும் இச்சுருங்கிய வடிவிற்குக் காரணமாகலாம். குழந்தையின் கையில் நெடுநாள் நிலைக்க வேண்டிய பொருளுக்கு இவ்வடிவே ஏற்றது. அரசன், அரசி எனவும், பெருமாள், தாயார் எனவும் இவ்விணையைக் கருதும் வழக்கம் உண்டு.

இப்பாவை விளையாட்டுப் பொருளாக மட்டும் இருந்ததில்லை. செஞ்சந்தனம் சித்த, ஆயுர்வேத மருத்துவ மரபுகளில் குளிர்ச்சி தருவதாகவும் வீக்கம் போக்குவதாகவும் கொள்ளப்படுகிறது. குழந்தைக்கு வீக்கமோ அடிபட்ட கன்றலோ ஏற்பட்டால் மரப்பாச்சியைக் கல்லில் இழைத்துப் பற்றிடுவது வீட்டு வைத்தியமாக இருந்தது. பல் முளைக்கும் பருவத்தில் குழந்தை கடித்தாலும் தீங்கில்லை என்னும் நம்பிக்கையும் நிலவியது. ஆகவே தேய்ந்துபோன மரப்பாச்சி ஒன்று கிடைக்குமாயின், அத்தேய்வைச் சிதைவு எனக் கொள்ளாமல், அப்பாவை ஒரு குடும்பத்தில் ஆற்றிய பணியின் பதிவாகக் கொள்ளுதல் வேண்டும். கண்ணாடிப் பேழையில் பிழையின்றி நிற்கும் பாவையைவிட, இழைத்துத் தேய்ந்த பாவையே பண்பாட்டு வரலாற்றை மிகுதியாகப் பேசும்.

கொலு: இல்லத்துச் சேகரிப்பு

மரப்பாச்சி தமிழ் இல்லங்களில் நிலைபெற்றதற்கு இரு வாயில்கள் உண்டு. ஒன்று திருமணம். மணமகளுக்குத் தாய்வீட்டார் மரப்பாச்சி இணையைக் கொடுத்தனுப்புவதும், அதைக் கொண்டு அவள் புகுந்த வீட்டில் கொலுவைத் தொடங்குவதும் மரபு. கன்னட நாட்டில் இவ்விணை 'பட்டத கொம்பெ' என வழங்கி, அங்கும் திருமணச் சீராக அமைவது இவ்வழக்கத்தின் பரப்பைக் காட்டுகிறது. தெலுங்கு நாட்டில் 'பொம்மல கொலுவு' தசராவில் மட்டுமன்றிச் சங்கராந்தியிலும் வைக்கப்படுகிறது. மற்றொரு வாயில் யாத்திரை. திருமலைக்குச் சென்றவர் பிரசாதத்தோடு ஒரு மரப்பாச்சி இணையையும் வாங்கிவருவது வழக்கமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருப்புப்பாதை திருப்பதியை எட்டியதும், 1944இல் திருமலைக்கு மலைப்பாதை திறக்கப்பட்டதும் அடியார் வரவைப் பெருக்கின. பயணிகளின் தொகை கூடுகையில் கையடக்கமான நினைவுப்பொருளின் தேவையும் கூடுவது இயல்பு.

கொலுவின் அமைப்பிலேயே சேகரிப்பு விதி ஒன்று பொதிந்துள்ளது. ஆண்டுதோறும் புதிதாக ஒரு பொம்மையாவது சேர்க்கவேண்டும் என்பதே அது. படிகள் ஒற்றைப்படை எண்ணில் அமையும். தொகுப்பு வளர வளரப் படிகளும் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என உயரும். தொகுப்பின் தலைமை மரப்பாச்சிக்கே. பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரை விளாச்சேரி ஆகிய ஊர்களின் மண் பொம்மைகளும் காகிதக்கூழ் பொம்மைகளும் உடையும், வண்ணம் மங்கும், மாற்றப்படும், மரப்பாச்சி மாற்றப்படுவதில்லை. விசயதசமி இரவில் கொலு நிறைவுற்றதன் அடையாளமாகப் பல வீடுகளில் படுக்கவைக்கப்படுவதும் மரப்பாச்சியே.

கொலு எல்லாச் சமூகத்தாரிடமும் ஒருபடித்தாக நிலவிய வழக்கமன்று. நெடுங்காலம் அது பிராமணர் உள்ளிட்ட சில சமூகத்தாரிடமே சிறப்பிடம் பெற்றிருந்தது. ஆயினும் மரப்பாச்சி குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் என்னும் நிலையில் அவ்வெல்லையைத் தாண்டிப் பரவியது. இச்சேகரிப்பின் காப்பாளர் பெண்களே என்பதும் கருதத்தக்கது. எந்தப் பொம்மை எந்த ஆண்டு வாங்கியது, யார் கொடுத்தது, எந்தப் பயணத்தில் வந்தது என்பன பாட்டியின் நினைவில் இருந்தன. அவை எழுதப்படவில்லை.

கொகேஷி: பெயர் பெற்ற பாவை

ஜப்பானின் வடகிழக்குப் பகுதியான தொஹோகுவில் உருவான கொகேஷியின் தொடக்க வரலாறு மரப்பாச்சியின் வரலாற்றோடு வியத்தகு ஒப்புமை உடையது. கிண்ணம், தட்டு முதலியவற்றைக் கடைசல் இயந்திரத்தில் செய்துவந்த மரக்கைவினைஞர்கள், எடோ காலத்தின் பிற்பகுதியில், வெந்நீர் ஊற்றுகளுக்கு நீராட வரும் மக்களுக்காக இப்பாவைகளைச் செய்யத் தொடங்கினர். உழவுத் தொழில் ஓய்ந்த காலத்தில் உடல்நோவு தீர அவ்வூற்றுகளுக்குச் சென்ற குடியானவர்கள், வீட்டுக் குழந்தைகளுக்கு இவற்றை வாங்கிச் சென்றனர். திருப்பதியில் மலைக்கோயில், தொஹோகுவில் வெந்நீர் ஊற்று. பயணம் முடித்துத் திரும்புவோரின் கையில் குழந்தைக்காக ஒரு மரப்பாவை என்பது இரண்டிற்கும் பொது.

வடிவில் வேறுபாடு உண்டு. மரப்பாச்சி உளியால் செதுக்கப்படுவது. கொகேஷி கடைசலில் கடைந்தெடுக்கப்படுவது. உருண்டைத் தலையும் உருளை உடலும் கொண்ட கொகேஷிக்குக் கைகால்கள் இல்லை. மிசுகி முதலிய வெளிர்நிற மரங்களில் கடைந்து, முகத்தையும் பூக்கோலத்தையும் தூரிகையால் தீட்டுவர். நாருகோ என்னும் ஊரின் கொகேஷி, தலையைத் திருப்பினால் ஒலியெழுப்பும் தன்மையது. செய்முறையளவில் இதற்கு நெருங்கிய உறவினைத் திருப்பதியில் காண இயலாது. ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்கா, கருநாடகத்தின் சன்னபட்டணா ஆகிய ஊர்களின் அரக்கு வண்ணப் பொம்மைகளிலும், நம் அம்பாசமுத்திரத்துக் கடைசல் சொப்புகளிலும்தான் காணமுடியும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செல்லுலாய்டு, தகரம் ஆகியவற்றால் ஆன ஆலைப் பொம்மைகள் பரவியபோது கொகேஷி குழந்தைகளின் கையிலிருந்து நழுவத் தொடங்கியது. அதை அழிவிலிருந்து மீட்டவர்கள் சேகரிப்பாளர்கள். செண்டாய் நகரைச் சார்ந்த அமாயே தோமிஜி 1928இல் கொகேஷி குறித்துத் தனிநூல் வெளியிட்டார். சேகரிப்பாளர்கள் ஊர் ஊராகச் சென்று, யார் செய்தார், யாரிடம் கற்றார், எந்த ஊரின் கோலம் எது என்று குறித்துவைத்தனர். ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயர்களால் வழங்கிய இப்பாவைக்குக் கொகேஷி என்னும் ஒரே பெயரை வழங்குவதென 1940இல் நாருகோவில் கூடியோர் முடிவெடுத்தனர். மரபுவழிக் கொகேஷிகளைப் பதினொரு வகையாகப் பிரிப்பது பொது வழக்காயிற்று. 1959இல் ஷிரோய்ஷி நகரில் கொகேஷிப் போட்டி தொடங்கியது. 1981இல் மியாகி மாவட்டக் கொகேஷி அரசின் மரபுக் கைவினைப் பட்டியலில் இடம்பெற்றது. இன்று ஒரு மரபுவழிக் கொகேஷியைத் தலைகீழாகத் திருப்பினால், அடியில் செய்தவரின் கையொப்பத்தைக் காணலாம்.

கையொப்பம் உள்ள அடியும் வெற்று அடியும்

மரப்பாச்சியைத் திருப்பிப் பார்த்தால் வெற்று மரமே தெரியும். இவ்வேறுபாடு இரு சேகரிப்பு மரபுகளின் இயல்பிலிருந்தே பிறக்கிறது. கொகேஷியைத் திரட்டியவர்கள் பாவையைப் பயன்பாட்டிலிருந்து பிரித்தெடுத்து, கலைப்பொருளாக நோக்கினர். கலைப்பொருளுக்குக் கலைஞன் பெயர் தேவை; ஆகவே பெயரைத் தேடினர். கொலு மரபோ பாவையைப் பயன்பாட்டிற்குள்ளேயே வைத்துக் காத்தது. அங்கே பாவை, கொடுத்த தாயின் பெயராலும் சென்ற யாத்திரையின் பெயராலும் நினைக்கப்பட்டது. செதுக்கியவர் அந்நினைவில் இடம்பெறவில்லை.

கொடையாளியை நினைத்தலும் கைவினைஞரை மறத்தலும் இந்நிலத்திற்குப் புதியன அல்ல. திருமலைக் கோயிலுக்கு வெள்ளியாலான பெருமாள் திருமேனி வழங்கிய சாமவை என்னும் பல்லவர் குலப் பெண்ணின் பெயர் கல்வெட்டால் இன்றும் நின்று நிலவுகிறது. அத்திருமேனியை வடித்த கையின் பெயரை எவரும் நினைவுகூர்வதில்லை.

ஒரு மரபு உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என இதனால் முடிவுகட்டுதல் பொருந்தாது. கொகேஷி பெயரைப் பெற்றபோது குழந்தையின் கையைப் பெரிதும் இழந்து பேழைக்குள் புகுந்தது. மரப்பாச்சி பெயரைப் பெறாவிடினும் அண்மைக்காலம் வரை வீட்டின் நடுவிலேயே வாழ்ந்தது. ஆயினும், பொருள் மட்டும் எஞ்சி அறிவு மறையும் நிலை ஆய்வாளரின் கவலைக்குரியது. எந்த வெட்டு எந்த ஊர்க் கைக்குரியது, எவ்வடிவம் எக்காலத்தது என்பதை உறுதிசெய்யும் வழி அறியாத நிலையில் ஆயிரக்கணக்கான மரப்பாச்சிகள் பரண்களில் கிடக்கின்றன.

மரத்தின் இன்றைய நிலை

இக்கவலையைக் கூட்டுவது மரத்தின் நிலை. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீசு உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் 1995இல் செஞ்சந்தனம் சேர்க்கப்பட்டது. சேஷாசல மலைப்பகுதி 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. எனினும் வெளிநாட்டுத் தேவை கடத்தலை வளர்த்தது. சீனத்தில் உயர்வகை மரச்சாமான்களுக்கு இம்மரம் பெரிதும் விரும்பப்படுகிறது. ஜப்பானில் ஷாமிசென் என்னும் மூன்று நரம்பு இசைக்கருவியின் தண்டுக்கு இதையே சிறந்ததாகக் கொள்கின்றனர். கைப்பற்றிய மரத்தில் எட்டாயிரம் டன்னுக்கு மேற்பட்ட அளவை ஏற்றுமதி செய்ய ஆந்திர அரசுக்கு நடுவண் அரசு ஒப்புதல் அளித்த செய்தி, கடத்தலின் பேரளவை உணர்த்தும்.

இதன் துயர விளைவைத் தமிழகம் நன்கறியும். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில் காவல்துறையினர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில், திருவண்ணாமலை உள்ளிட்ட வடதமிழக மாவட்டங்களைச் சேர்ந்த தொழிலாளர்கள் 20 பேர் உயிரிழந்தனர். ஒரு காலத்தில் தமிழ்க் குழந்தையின் கைக்குப் பாவையாக வந்த மரம், இன்று தமிழ்த் தொழிலாளியின் உயிரை விலையாகக் கேட்கும் மரமாகியுள்ளது. ஒரு சாண் பாவைக்கு வேண்டிய மரம் கையளவே. அக்கையளவு மரத்தைக் கொண்டு தலைமுறைகள் வாழ்ந்த கைவினையும், டன் கணக்கில் மரத்தை விழுங்கும் வாணிகமும் ஒரே மரத்தைச் சார்ந்து நிற்கும் முரண் இங்கு வெளிப்படுகிறது.

மரம் அரிதானதால் வேறு மரங்களில் செதுக்கிச் செந்நிறமோ கருநிறமோ ஊட்டிய பாவைகளும் மரப்பாச்சி என்னும் பெயரில் விற்கப்படுகின்றன. திருப்பதி மாவட்டத்து மாதவமாலா கிராமம் மரச்சிற்பத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்குப் பல மரங்களில் தெய்வ உருவங்கள் செதுக்கப்படுகின்றன. திருமலை திருப்பதி தேவத்தானத்தின் சிற்பக் கல்வி நிறுவனம் மரச்சிற்பத்தையும் கற்பிக்கிறது. கைத்திறன் அற்றுப்போகவில்லை, அத்திறனுக்கும் இம்மரத்திற்கும் இருந்த உறவே நலிந்துள்ளது. காளத்தி கலம்காரிக்கும் ஏட்டிகொப்பாக்கா, கொண்டபள்ளிப் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு கிடைத்துள்ளமை, இத்தகு கைவினைகளுக்கு ஏற்பு பெறும் வழி உண்டு என்பதைக் காட்டுகிறது.

செய்யவேண்டுவன

தில்லியில் ஓவியர் சங்கர் 1965இல் நிறுவிய பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகத்தில் ஜப்பானியப் பாவைகள் சிறப்பிடம் பெற்றுள்ளன. அயல்நாட்டுப் பாவைகளைக் காணவும் கற்கவும் நாட்டில் இடம் உண்டு. மரப்பாச்சியின் பேரருங்காட்சியகம் தமிழ் வீடுகளே. அதற்குப் பட்டியல் இல்லை என்பதே குறை. இக்குறையை நீக்கும் பணி நாட்டார் வழக்காற்றியலைப் பாடமாகக் கொண்ட தமிழ்த்துறைகளுக்கு உரியது.

ஒவ்வொரு பாவைக்கும் உயரம், எடை, அடிப்பீடத்தின் அமைப்பு, கொண்டை அல்லது தலைப்பாகையின் வெட்டு, தேய்வின் இடம் ஆகியவற்றைக் குறித்துப் படமெடுத்தல் வேண்டும். யாரிடமிருந்து வந்தது, எத்திருமணத்திற்குக் கொடுக்கப்பட்டது, எவ்வாண்டு வாங்கியது என்பவற்றை அவ்வீட்டு மூத்த பெண்களின் வாய்மொழியாகவே பதிவுசெய்தல் வேண்டும். எடையைக் குறிப்பது செஞ்சந்தனத்தையும் சாயமூட்டிய பிற மரத்தையும் வேறுபடுத்த உதவும். இதனோடு சித்தூர், திருப்பதி வட்டாரச் செதுக்குநர் குடும்பங்களின் நினைவுகளைத் தெலுங்கிலும் தமிழிலும் திரட்டுதல் வேண்டும். இவ்விரு பதிவுகளும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படும்போதே, பாவைக்கும் அதைச் செய்த கைக்கும் அறுந்த உறவு ஓரளவேனும் மீளும். திருப்பதியிலுள்ள திருவேங்கடவன் பல்கலைக்கழகமும் தமிழகப் பல்கலைக்கழகங்களும் கூடிச் செய்யத்தக்க பணி இது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், மரப்பாச்சி என்பது சங்ககாலப் பாவை மரபின் நீட்சியாக நோக்கத்தக்கது என்பதும், வேங்கடம் ஆட்சியெல்லையால் பிரிந்த பின்னும் தமிழ் இல்லங்களோடு கொண்ட தொடர்பிற்குச் சான்றாவது என்பதும், கொலு வழக்கம் பெண்களால் காக்கப்பட்ட ஒரு சேகரிப்பு மரபு என்பதும் புலனாகின்றன. பயண நினைவுப்பொருளாகத் தோன்றிய கொகேஷி, சேகரிப்பாளர்களின் எழுத்துப் பதிவால் தன்னைச் செய்தவரின் பெயரையும் உடன்கொண்டு நிலைத்தது. மரப்பாச்சி தமிழ்ப் பெண்களின் நினைவால் மட்டுமே நிலைத்தது. அந்நினைவைத் தாங்கிய தலைமுறை மறைந்துவரும் காலம் இது. மரம் காப்பகத்திற்குள்ளும் பாவை பரணுக்குள்ளும் அடங்கிய இந்நிலையில், நினைவில் உள்ளதை ஏட்டில் ஏற்றுவதே முதற்கடமை. பெயரறியாச் செதுக்குநர்களுள் ஒரு சிலரேனும் அவ்வேட்டின் வழியே பெயர் பெறுவாராயின், வெற்று மரமாக நிற்கும் அவ்வடிப்பீடம் பேசத் தொடங்கும்.